கன்றுக்குக் குடல்நலப் பொடி: எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிக் கலப்பது

கன்றுக்குக் கழிச்சல் கண்டால் ‘எந்தப் பொடி போடலாம்?’ என்பதுதான் பலரின் முதல் கேள்வி. பொடிக்கு வருவோம். அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. அவை சரியில்லாத கொட்டகையில் எவ்வளவு விலை உயர்ந்த பொடியும் வீண்.

படி 1: சீம்பால்

பிறக்கும் கன்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் கிட்டத்தட்ட இல்லை. அது சீம்பாலிலிருந்துதான் வரவேண்டும். முதல் சில மணி நேரம் குடல் அதை நன்றாக உறிஞ்சும், 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. 35 கிலோ கன்றுக்கு மூன்றரை லிட்டர். பெரும்பகுதியை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

படி 2: கன்றுத் தீவனமும் தண்ணீரும்

குடிக்கும் பால் முதல் வயிற்றில் (ரூமன்) தங்காமல் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகிறது. முதல் வயிறு வளரத் தானியம் வேண்டும். அங்குள்ள நுண்ணுயிர்கள் தானியத்தைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் வயிற்றின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகளை வளர்க்கிறது. வெறும் வைக்கோல் தின்ற கன்றுக்கு வயிறு மட்டும் பெருக்கும், நீட்சிகள் சரியாக வளராது. முதல் வாரத்திலேயே ஒரு கைப்பிடி கன்றுத் தீவனம் வைக்கத் தொடங்குங்கள். மிச்சத்தைத் தினமும் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பால்தான் குடிக்கிறதே என்று தண்ணீரை நிறுத்தாதீர்கள். புளிப்பு நடக்கத் தண்ணீர் தேவை.

படி 3: பொடியைத் தேர்வது

ஒரு நேரத்தில் ஒன்றே போதும். நாலைந்தைச் சேர்த்துப் போட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

புரோபயாட்டிக் என்பது நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். லாக்டோபேசில்லஸ் வகை பாலில் கலக்க ஏற்றது, ஆனால் சூடு தாங்காது. பேசில்லஸ் சப்டிலிஸ் வித்துவடிவில் இருப்பதால் குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் தாங்கும். ஈஸ்ட் பொடி தானியம் தின்னத் தொடங்கிய கன்றுக்கு ஏற்றது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் பாக்டீரியாப் பொடி பெரும்பாலும் செத்துப்போகும், ஈஸ்ட் சாகாது.

ஈஸ்ட் செல்சுவரிலிருந்து எடுக்கும் மேனன் சர்க்கரை (மாஸ்) உயிரற்றது. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குடல் சுவருக்குப் பதில் இதில் ஒட்டிக்கொண்டு சாணத்தோடு வெளியேறும். சேமிப்பதும் எளிது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஃபார்மிக், சிட்ரிக் போன்ற கரிம அமிலங்கள் தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு அதிகம் பயன்படும். அவற்றின் வயிற்றில் அந்த வயதில் போதிய அமிலம் சுரப்பதில்லை.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் போடும் பழக்கத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே தடைசெய்துவிட்டது. அந்த வழியே வேண்டாம்.

படி 4: சீட்டைப் படிப்பது

பொட்டலத்தின் சீட்டில் பாருங்கள்: நுண்ணுயிரின் பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ளவை, காலாவதித் தேதி. உயிருள்ள பொடியில் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். மொனென்சின் என்று இருந்தால் கூடுதல் கவனம்: கோழி, மாடுகளுக்குப் பழக்கமான மருந்து, குதிரைக்கு விஷம்.

படி 5: கலப்பது

பலரும் சறுக்கும் இடம். 100 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் என்று சீட்டில் இருந்தால், அதை நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு கன்றுக்கு அள்ளும் தீவனத்தில் இரண்டு மடங்கு இருக்கும், இன்னொன்றுக்கு ஒன்றுமே இருக்காது. முதலில் 1 கிலோ தீவனத்தில் கலந்து, அதை 10 கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேருங்கள். பாலில் கலப்பதானால் பால் கன்றின் உடல் சூட்டளவில், சுமார் 39 டிகிரியில் இருக்கட்டும். கொதிக்கும் பாலிலோ குளோரின் கலந்த தண்ணீரிலோ உயிருள்ள பொடியைப் போடக்கூடாது.

படி 6: பார்ப்பது

வாரம் ஒருமுறை மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து குறியுங்கள். சாணத்தைத் தினமும் பாருங்கள். ஒரே வயதுக் கன்றுகள் பல இருந்தால் பாதிக்கு மட்டும் கொடுத்து ஒப்பிடலாம். இரண்டு கன்றை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கழிச்சல் வந்தால் பாலை நிறுத்தாமல், இடைவேளையில் உப்பு-குளுக்கோஸ் கரைசல் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சாணத்தில் இரத்தம் வந்தாலோ, கன்று பால் குடிக்க மறுத்தாலோ பொடியைத் தேடாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.