புது கூலர் போட்டும் அடங்காத இரைச்சல்

சத்தம் குறையும் என்று நம்பி, கம்ப்யூட்டர் பிராசஸரின் சூட்டைத் தணிக்க 120 மி.மீ. விசிறி வைத்த டவர் கூலர் வாங்கி மாட்டினேன். பிராசஸர் சும்மா இருக்கும்போது 36 டிகிரிதான், ஆனாலும் விசிறி முழு வேகத்தில் இரைந்தது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்து மறுபடி தடவினேன், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) விசிறி வேகத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அசையவில்லை, மூன்று நாள் இப்படியே போனது. அப்புறம்தான் பிளக்கைக் கவனித்தேன். மதர்போர்டில் 4 பின், விசிறி வயரில் 3 துளைதான். வேகத்தைச் சொல்லும் பிடபிள்யூஎம் சிக்னல் அந்த நான்காவது பின் வழியாகத்தான் போகும், அது இல்லாததால் விசிறிக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போயிருக்கிறது. பயாஸில், வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தே வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்றினேன், உடனே அடங்கிவிட்டது, அப்பாடா! ஒன்று, டிசியில் வோல்டேஜை ரொம்பக் குறைத்தால் விசிறி சுற்றாமலே நின்றுவிடும், அதனால் 50 சதவீதத்துக்குக் கீழே நான் விடவில்லை.