முதுகுப்பைக்கு ஒரு தலையணை: வாங்குவதா, தைப்பதா?

டென்ட்டில் தங்கி நடக்கும் பயணத்துக்கு முதுகுப்பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் முதலில் வெளியே போவது தலையணைதான். ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால் போயிற்று, இதற்கென்று தனியாக ஒன்றா என்று நானும் அப்படித்தான் கிளம்பினேன். ராத்திரி 2 மணிக்குக் குளிரில் பல் தந்தியடிக்க ஆரம்பித்ததும் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், தலையணை காலி. மீதி இரவு கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துப் படுத்ததில் விடியும்போது கை மரத்துப்போயிருந்தது, கழுத்து ஒரு பக்கம் திரும்பவே இல்லை, அதோடு நாள் முழுக்கச் சுமை தூக்கி நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை மட்டும் நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான். குளிர் அதிகமான இரவில் எல்லாத் துணியும் உடம்பு மேல் ஏறிவிடும், தலைக்கடியில் வைக்க எதுவும் மிஞ்சாது.

சரி, என்ன வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துவிடுங்கள். பயணத்துக்கு எடுத்துப் போகும் அதே படுக்கை விரிப்பை (மேட்) வீட்டுத் தரையில் விரித்து, வழக்கமாக எப்படித் தூங்குவீர்களோ அப்படிப் படுங்கள் (கட்டில் மெத்தையில் படுத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும்). தலைக்கடியில் டவலை மடித்து மடித்து வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் மூக்கிலிருந்து நெஞ்சுக்குழி வரை ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், தலை கீழே தொங்கவும் கூடாது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது. நமக்கே இது தெரியாது, வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு சரியாக வந்ததும் தலையை எடுக்காமலே, டவல் அமுங்கியிருக்கும் அந்த உயரத்தை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்களுக்குத் தேவையான தலையணை. தோராயமாகச் சொன்னால் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு 10 செ.மீ. அல்லது அதற்கு மேல், மல்லாந்து படுப்பவர்களுக்கு 5 முதல் 8 செ.மீ. வரை. குப்புறப் படுப்பவர்களுக்கு ஒரு மடிப்பு டவலே அதிகம், அவர்கள் இதற்கு மேல் படிக்காமல் போய்த் தூங்கலாம்.

அதே மேட் என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மெல்லிய ஃபோம் மேட்டில் தோள் உள்ளே இறங்காது, அதனால் ஒருக்களித்துப் படுக்கும்போது தலைக்கும் தரைக்கும் இடைவெளி அதிகமாகி உயரமான தலையணை தேவைப்படும். காற்று ஊதும் தடித்த மேட்டில் தோள் கொஞ்சம் அமுங்கிவிடும், குறைந்த உயரமே போதும். மேட்டை மாற்றிவிட்டுத் தலையணையைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. காற்று ஊதுவது, உள்ளே ஃபோம் துண்டுகள் அடைத்தது, காற்றுப்பைக்கு மேல் மெல்லிய ஃபோமோ பஞ்சோ வைத்துத் தைத்தது. ஃபோம் அடைத்ததில் படுத்தால் வீட்டில் படுத்த மாதிரி இருக்கும், ஆனால் 200 கிராமைத் தாண்டிவிடும், எவ்வளவு அமுக்கினாலும் பையில் இடத்தை அடைக்கும். முதுகில் சுமந்து நாள் கணக்கில் நடப்பவர்களுக்கு அது சரிப்படாது. காற்றுத் தலையணைகளில் எடை குறைந்தவை 50 முதல் 100 கிராமுக்குள் வந்துவிடுகின்றன, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். கழுத்தைச் சுற்றி மாட்டும் லாட வடிவத் தலையணை உட்கார்ந்து தூங்குவதற்கானது, படுத்தால் தொந்தரவுதான், அதை வாங்க வேண்டாம்.

காற்றுத் தலையணை வாங்கினால் வால்வைப் பாருங்கள். ஊதும்போது காற்று திரும்பி வராமல் தடுக்கும் மடல் உள்ளே இருக்க வேண்டும், படுத்துக்கொண்டே விரலால் லேசாக அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட முடிய வேண்டும். ஏனென்றால் இதைப் பிடிக்கவில்லை என்று தூக்கிப்போடுபவர்களில் பாதிப் பேர் செய்கிற தவறு, பந்து மாதிரி முழுக்க ஊதிவிடுவது. அப்படி ஊதினால் தலை வழுக்கும், காது வலிக்கும். முழுக்க ஊதி, தலையை வைத்து, காது மெதுவாக உள்ளே புதையும்வரை காற்றை இறக்குங்கள். இன்னொரு விஷயம், நாம் ஊதுவது சூடான மூச்சுக்காற்று, டென்ட்டுக்குள் அது ஆறியதும் சுருங்கும். காற்று 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைந்துவிடும். ஓட்டை விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம், சாப்பிடுவதற்கு முன்பே ஊதி வைத்துவிட்டு, படுக்கும்போது இன்னொரு மூச்சு ஊதினால் போதும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். உயரத்துக்குக் காற்று, மென்மைக்குத் துணி. இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டால், நடுராத்திரி துணியை உருவிப் போட்டுக்கொண்டாலும் உயரம் போகாது. இந்தப் பையை நீங்களே தைக்கலாம், நேர்த்தையல் தெரிந்தால் போதும்.

30 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்று மெல்லிய நைலான், இன்னொன்று ஃபிளீஸ் (குளிருக்குப் போடும் சட்டைகளில் வரும் மெத்தென்ற துணி). சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள ஃபிளீஸ் என்றால் அந்தத் துண்டு 27 கிராம்தான், பழைய ஃபிளீஸ் சட்டையின் முதுகுப் பகுதியை வெட்டினாலும் ஆகும். ஃபிளீஸில் நூல் பிரியாது, நைலான் ஓரம் பிரியும், அதனால் அதை மட்டும் மெழுகுவத்தியில் லேசாகக் காட்டி எடுங்கள் (தீ பிடிக்கும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்). ஃபிளீஸின் மெத்தென்ற பக்கம் உள்ளே வரும்படி இரண்டையும் சேர்த்து, கீழேயும் இரு பக்கமும் 1.5 செ.மீ. விட்டுத் தையுங்கள். பக்கத் தையல்களை மேல் விளிம்புக்கு 8 செ.மீ. முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், நான் முதல் முறை கடைசிவரை தைத்துவிட்டு, கயிறு நுழைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் பிரித்தேன். மேல் விளிம்பை 4 செ.மீ. மடித்துத் தைத்து, உள்ளே கயிறு கோத்தால் சுருக்குப்பை தயார். கயிறோடு சேர்த்து 40 கிராமுக்குள் முடிந்துவிடும். பகலில் ஃபிளீஸ் உள்பக்கமாக இருக்க, இது துணி வைக்கும் பை. ராத்திரி திருப்பிப் போட்டால் கன்னத்தில் படுவது மெத்தென்ற பக்கம். தனியாகத் துணிப்பை எடுத்துப் போகிறவர் என்றால் அந்த எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

உள்ளே வைக்கும் காற்றுப்பைக்கு, ஏற்கெனவே தண்ணீருக்காக எடுத்துப் போகும் மடக்குப் பையையே பாதி ஊதி மூடி வைக்கலாம், எடை கூடவே கூடாது. ஆனால் மூடி ஓரமாக இருக்கட்டும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சம் இருக்கக் கூடாது. பெட்டியில் வரும் ஒயினுக்குள் இருக்கும் வெள்ளிநிறப் பையையும் சிலர் கழுவிப் பயன்படுத்துகிறார்கள். நன்றாகவே தாங்கும், ஆனால் புரளும்போதெல்லாம் சிப்ஸ் பாக்கெட் மாதிரி சரசரக்கும், பக்கத்தில் படுப்பவர் திட்டுவார். உட்பூச்சு உள்ள நைலானை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக் காற்றுப்பையே செய்யவும் வழி இருக்கிறது. ஒட்டிய இடம் 1 செ.மீ.க்குக் குறைந்தால் கசியும், வால்வு பொருத்துவது அதைவிடத் தலைவலி, செய்யும் ஆசை இருந்தால் ஒழிய நான் சிபாரிசு செய்யமாட்டேன். வெறும் பஞ்சு அடைக்கலாமா என்று கேட்டால், தலை 4, 5 கிலோ கனம், 70 கிராம் பஞ்சு அதற்கடியில் அப்பளமாகிவிடும். மல்லாந்து படுப்பவருக்கு ஒருவேளை சரிவரலாம்.

கடைசியாக வழுக்கல். நைலான் மேட் மேல் நைலான் தலையணை, காலையில் எழுந்து பார்த்தால் அது டென்ட்டின் மூலையில் கிடக்கும். உடுத்தாத டி-சர்ட் ஒன்றை மேட்டின் தலைப்பக்கத்தில் மாட்டிவிட்டு, அதற்கும் மேட்டுக்கும் நடுவே தலையணையைச் சொருகுங்கள், அசையாது. ஸ்லீப்பிங் பேக்கில் தலைமூடி இருந்தால் அதற்குள் வைக்கலாம், புரண்டு படுப்பவர்களுக்கு அது சரிவராது. உயரம் இன்னும் போதவில்லையா? காலியான முதுகுப்பையை மடித்து மேட்டுக்கு அடியில் தலைப்பக்கம் கொடுங்கள்.

வீடு திரும்பியதும் வால்வைத் திறந்தபடியே இரண்டு நாள் தொங்கவிடுங்கள், மூச்சின் ஈரம் உள்ளேயே நின்றால் பூஞ்சை பிடித்து அடுத்த முறை ஊதும்போது வாடை வாய்க்கு வரும். காற்று இறங்குகிறது என்று சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவி அழுத்துங்கள், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. பெரும்பாலும் அது வால்வின் ஓரத்தில் ஒட்டிய மண்ணாகத்தான் இருக்கும்.