முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்

அக்டோபரில் படிக்கச் சொல்லி ஒரு தோழிக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் ஒயிட்' நாவலைக் கொடுத்திருந்தேன். நான்கே நாளில் போன் வந்தது. "ரகசியம் என்னன்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே எதுக்குப் படிக்கணும்?" எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நானும் அதே குழியில் விழுந்தவள்தான். இந்த நாவலைப் படிக்கும்போது செய்யக் கூடாதவை இவை.

முன்னுரையில் தொடங்குவது

லண்டனுக்கு வந்த முதல் வருஷம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிறு, ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஈர இலைகள், கையில் அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும் பழைய கோதிக் மர்ம நாவல். இதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று உட்கார்ந்து, ஒழுங்கான மாணவியாக முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பேராசிரியர் எழுதிய முன்னுரை. அதன் மூன்றாவது பக்கத்தில், வெள்ளை உடுத்திய அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன ஆகிறது, எல்லாம் இருந்தது. நள்ளிரவுச் சாலையில் ஓவிய ஆசிரியரின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை படும் காட்சிக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. முதல் வாசிப்பு ஒரு முறைதான் கிடைக்கும். எனக்கு அது போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

கதையை முன்கூட்டியே சொல்லிவிடாமல் பாராட்டவோ குறை சொல்லவோ முடியாதா என்று விமர்சகர்களிடம் 1860ஆம் ஆண்டுப் பதிப்பின் முகவுரையிலேயே காலின்ஸ் கேட்டிருக்கிறார். என்னிடம் இருந்த பதிப்பில் அந்த வேண்டுகோளும் அச்சாகியிருந்தது, பேராசிரியரின் முன்னுரைக்குப் பின்னால்!

இந்த மாதிரி முன்னுரைகள் ஏற்கெனவே படித்தவர்களுக்காக எழுதப்படுபவை. பெரும்பாலும் நல்ல கட்டுரைகள்தான், கடைசியில் படித்தால். பின்னட்டையும் அடிக்குறிப்புகளும்கூட அப்படித்தான். அப்புறம், பாத்திரத்தின் பெயரை போனில் தேடவே தேடாதீர்கள். நீங்கள் தட்டி முடிப்பதற்குள் அவருடைய முடிவை அதுவே காட்டிவிடும்.

ஒரே மூச்சில் முடிப்பது

1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 40 பகுதிகளாக வந்த தொடர்கதை இது. அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைக்கவே ஒவ்வொரு பகுதியும் முடிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு பகுதி என்றால் இருபது நாள் வரும். அது போதும்.

தேதிகளைத் தாண்டிப் போவது

இந்தக் கதையைப் பாத்திரங்களே நீதிமன்றச் சாட்சிகள் மாதிரி, ஆளுக்கொரு பங்காக, தான் கண்டதை மட்டும் சொல்கிறார்கள். வக்கீல், வீட்டு நிர்வாகி, நாயகியின் சகோதரி மேரியனின் டைரி என்று குரல் மாறிக்கொண்டே போகும். பக்கத்தில் பென்சில் இருக்கட்டும். முதல் பதிப்பில் தேதிக் கணக்கு இடித்ததை லண்டன் நாளிதழ் 'தி டைம்ஸ்' விமர்சகர் கண்டுபிடித்தார், அடுத்த ஆண்டுப் பதிப்பில் காலின்ஸ் திருத்தினார். அந்த அளவுக்குக் கவனமாகப் படித்திருக்கிறார்கள்.

வர்ணனையைப் புரட்டித் தள்ளுவது

கதையில் வரும் பிளாக்வாட்டர் ஏரியின் மூடுபனியைத் தாண்டிப் போனால், அதற்குள் நின்ற உருவத்தையும் தாண்டிப் போய்விடுவீர்கள்.

படத்தை முதலில் பார்ப்பது

வேண்டாம்.

தோழியிடம், மேரியனின் டைரி வரைக்குமாவது போ, ரகசியம் தெரிந்தாலும் அந்தப் பக்கங்கள் கெடாது என்றேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வந்தது. கவுண்ட் ஃபாஸ்கோவும் அவருடைய வெள்ளை எலிகளும் வந்துவிட்டார்களாம், இப்போதைக்குத் தூங்குவதாக இல்லையாம்.