ஹெலிகோப்ரியன் வாயை அட்டையில் செய்வது எப்படி?

ஹெலிகோப்ரியன், சுமார் 29 கோடி முதல் 27 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலக் கடல்களில் வாழ்ந்த மீன். குருத்தெலும்பு உடல் மட்கிப்போய்விடுவதால், பெரும்பாலும் அதன் பற்சுருள் (சுருளாக அடுக்கிய பல் வரிசை) மட்டுமே கல்லாகக் கிடைக்கிறது. அந்தச் சுருள் எங்கே இருந்தது? 1899இல் ரஷ்ய அறிஞர் கார்ப்பின்ஸ்கி மூக்கின் மேல் வைத்தார். பின்னால் வந்தவர்கள் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும்கூடக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை சிடி ஸ்கேன் செய்து 2013இல் வெளியான ஆய்வுதான், அது கீழ்த்தாடையை நிறைத்திருந்தது என்று காட்டியது. மூக்கில் சுருள் தொங்கும் படங்கள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

தேவை: தடித்த அட்டை, கத்தரிக்கோல், பென்சில், பசை, போர்டு பின், பிசைந்த கோதுமை மாவு கொஞ்சம்.

படி 1: சுருள்
தலை இடப்பக்கம் நோக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முறுக்குப் பிழிவதைப் போல நடுவில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் மூன்று சுற்று வரையுங்கள். முடியும் இடம் வலப்பக்கம், அதாவது தொண்டைப் பக்கம் இருக்க வேண்டும்.

படி 2: பற்கள்
நடுவில் மிகச் சிறிய பற்கள், வெளியே போகப்போகப் பெரியவை. அளவு மாறுவது அழகுக்காக அல்ல. சுறாவுக்குப் பழைய பல் விழுந்துவிடும், இதற்கு விழாது. தொண்டைப் பக்கம் புதுப்பல் முளைக்க முளைக்க, பழையவை முன்னே தள்ளப்பட்டு உள்ளே சுருண்டுகொள்ளும். குட்டியாக இருந்தபோது முளைத்த பல்கூட நடுவில் பத்திரமாக இருக்கும். அந்த ஐடஹோ படிவத்தில் 117 பற்கள். நீங்கள் அவ்வளவு வரையத் தேவையில்லை.

படி 3: தாடைகள்
சுருளையும் இரண்டு தாடைகளையும் அட்டையில் வெட்டி, சுருளைக் கீழ்த்தாடை அட்டையில் ஒட்டுங்கள். மேல்விளிம்புப் பற்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மேல்தாடையில் வெட்டும் பற்கள் வேண்டாம்.

படி 4: மூட்டு
இரண்டு தாடைகளையும் சுருளுக்குப் பின்பக்கம் போர்டு பின் குத்தி இணையுங்கள். போர்டு பின், பல் நுனிகளைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

படி 5: கடி
மாவைத் திரியாக உருட்டி இடையில் வைத்து வாயை மூடுங்கள். பற்கள் மேலே மட்டும் எழாமல் பின்னோக்கியும் நகரும். உண்மையான மீனில் முன்பற்கள் இரையைக் கொக்கிபோட்டு இழுக்க, நடுப்பற்கள் குத்த, பின்பற்கள் அறுத்துத் தொண்டைக்குத் தள்ளியிருக்கும். படிவங்களில் பல் தேய்மானம் குறைவு என்பதால், கணவாய் இனம் போன்ற மென்மையான இரையைத் தின்றிருக்கும் என்று கருதுகிறார்கள்.

மாவு முன்பக்கம் பிதுங்கி வெளியேறினால், போர்டு பின் உயரமாக இருக்கிறது என்று பொருள். ஒரு விரற்கடை இறக்கிக் குத்துங்கள்.