பச்சையாக இருந்தால் போதுமா? சூழலியலில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போகிறீர்கள். மீன்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறுவதற்குள் பாதி மீன் செத்து மிதக்கிறது. ஊரில் கிளம்பும் முதல் பேச்சு, "எவனோ மருந்து கலந்துட்டான்" என்பதுதான். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தண்ணீர் பாசி கரைத்துவிட்டதுபோல் பச்சைப் பசேலென்று இருந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பச்சையைத்தான்.

செடி ஆக்சிஜன் தரும் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. செடியும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது, அதற்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பது மறந்துபோகிறது. வெயில் இருக்கும்வரை பாசியின் வரவு செலவைவிட அதிகம். பொழுது சாய்ந்ததும் வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. பாசி, மீன், அடியில் அழுகுவதைத் தின்னும் பாக்டீரியா எல்லாம் பகலில் சேர்ந்த ஆக்சிஜனை இரவு முழுக்கச் செலவழிக்கின்றன. சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன் அந்நேரத்தில் மேலே வந்து திணறுவது அதனால்தான். மீன் பண்ணைக்காரர்கள் இரவில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓடவிடுவதும் இதற்காகத்தான்.

சரி, அவ்வளவு பாசி எங்கிருந்து வந்தது? சாக்கடையும் வயலில் போட்ட உரமும் கொண்டுவந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்குச் சாப்பாடு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரைக்கும் அதே சாப்பாடுதான். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, செடியை அள்ளிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டுவிடுவது. அடுத்த வருடம் ஏரி மறுபடி மூடிக்கொள்ளும். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால், அது மக்கி, முதல் மழையில் சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள்ளேயே போகும். மருந்தடித்துக் கொல்வதில் வேறொரு ஆபத்து: செத்த செடி தண்ணீருக்குள் அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

இந்த வரவு செலவுக் கணக்கு புரிந்துவிட்டால் "அமேசான் உலகத்தின் நுரையீரல், 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறது" என்ற பேச்சும் தானாக விழுந்துவிடும். முதிர்ந்த காடு தான் உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே செலவழித்துவிடுகிறது. காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்சிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த இருப்பு. அமேசானைக் காக்க வேண்டியதற்குக் காரணங்கள் வேறு: மரத்திலும் மண்ணிலும் அது பிடித்துவைத்திருக்கும் கார்பன், அது மேலே அனுப்பும் ஈரத்தால் பெய்யும் மழை, வேறெங்கும் இல்லாத அதன் உயிர்கள். தவறான காரணத்தைச் சொல்லி ஒன்றைக் காப்பாற்றக் கிளம்பினால், அந்தக் காரணம் உடையும்போது நம் வாதமும் சேர்ந்து உடைகிறது.

சீமைக் கருவேலத்துக்கு நேர்ந்ததும் இதுதான். அது ஆக்சிஜனே விடாது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டுமே உண்மையில்லை; பச்சை இலையுள்ள எந்த மரமும் வெயிலில் ஆக்சிஜன் விடத்தான் செய்யும். அதன் உண்மையான கேடு, மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் முள்காடாக்குவதும் மற்ற செடிகளை நெருக்கித் தள்ளுவதும். ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அதன் கரிமூட்டம்தான் பிழைப்பு என்பதையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

எனக்கு மிகவும் வலிப்பது வெற்றிடம் என்று நினைத்து மரம் நடும் தவறு. நீலகிரியின் உச்சியில் மடிப்புகளுக்குள் சோலைக்காடும், சரிவெல்லாம் புல்வெளியுமாக இருக்கும். காட்டை வெட்டியதால் வந்த மொட்டை நிலம் அல்ல அது, மிகப் பழைய புல்வெளி. ஜனவரி விடியலில் குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு புல்லின் நுனியிலும் உறைபனி வெள்ளையாக ஒட்டியிருக்கும். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று அந்தப் பனியில் கருகிவிடும். புல்லோ, மேலே காய்ந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழையை வாங்கி ஊறவைத்து ஓடைகளுக்கு மெதுவாக விடுவதில் அந்தப் புல்வேருக்கும் அடியிலிருக்கும் மண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு.

வெள்ளைக்காரர் காலத்தில் இதைத் தரிசாகப் பார்த்து, விறகுக்குக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை மரமும் (வாட்டில்) கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை முன்னைவிடப் பச்சை. ஆனால் வரையாடு மேய்வது புல்லை. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதும் அந்தப் புல்லால்தான். 2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியபோது, புல்வெளியை மீட்பதும் அதில் ஒரு வேலையானது.

மீட்பது என்றால் மரத்தை வெட்டினால் முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டிய சரிவுக்கு அடுத்த மழைக்குப் பிறகு போனால் கன்றுகள் நெருக்கமாக முளைத்து நிற்கும். அவற்றைக் கையால் பிடுங்க வேண்டும், நாட்டுப் புல்லை நாற்றாக ஊன்ற வேண்டும். அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும். அதற்கடுத்த வருடமும்.