நம் ஊர் ஈரத்தில் தோல் சாட்டை: புதிதாக வாங்கியவர்களுக்கு

புல்விப் எனப்படும் நீளமான பின்னல் தோல் சாட்டையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வறண்ட ஊர்க்காரர்கள் சொன்னவை. அங்கே தோல் காய்ந்து வெடிக்கும். அதனால் ‘எண்ணெய் போடு, மாதம் தவறாமல் போடு’ என்பார்கள். அதை அப்படியே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பின்பற்றினால் சாட்டை சீக்கிரமே துவண்டுபோகும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நம் ஊரில் சாட்டை காய்ந்து கெடுவது குறைவு. எண்ணெயில் ஊறியும் பூஞ்சணம் பிடித்தும் கெடுவதுதான் அதிகம்.

முதலில் பாகங்கள். கைப்பிடி வழக்கமாக 8 முதல் 12 அங்குலம். உள்ளே இரும்புக் கம்பியோ மரக்குச்சியோ இருக்கும். அடியில் உருண்டை முடிச்சு, சிலவற்றில் மணிக்கட்டில் மாட்டும் கண்ணி. கைப்பிடியிலிருந்து மெலிந்துகொண்டே போகும் பின்னல் பகுதியைத் தாங் என்பார்கள். வெளியே தெரியும் பின்னலுக்குள் இன்னும் சில அடுக்குகள் உண்டு: நடுவில் ஒரு கரு, அதைச் சுற்றித் தோல் உறை, நல்ல சாட்டையில் உள்பின்னலும் இருக்கும். பின்னல் முடிந்த இடத்தில் தொங்கும் ஒற்றை வார்தான் ஃபால், சுமார் இரண்டு அடி. அதன் நுனியில் கட்டும் நூல் குஞ்சம் கிராக்கர். 6 அடிச் சாட்டை என்றால் கைப்பிடியின் அடியிலிருந்து பின்னல் முடிவுவரை 6 அடி. ஃபாலும் கிராக்கரும் கணக்கில் சேராது.

சொடுக்கும்போது வரும் வெடிச் சத்தம், நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டுவதால் வருவது. அந்த அடி முழுவதையும் வாங்குவது நுனிதான். அதனால் தேய்மானம் நுனியில் தொடங்கிக் கைப்பிடியை நோக்கி வரும்: முதலில் கிராக்கர், அடுத்து ஃபால், கடைசியில் தாங். முதல் இரண்டும் மலிவு. அவற்றைத் தயங்காமல் மாற்றுகிறவரின் தாங் பல வருடம் உழைக்கும்.

முனீஸ்வரர் கோயில்களில் பார்க்கும் சாட்டைகள் பெரும்பாலும் கயிற்றில் முறுக்கியவை. அவற்றுக்குச் செய்வதையெல்லாம் தோல் சாட்டைக்குச் செய்யக்கூடாது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு தோலை அரிக்கும். விபூதியும் மஞ்சள் தூளும் பின்னல் இடுக்கில் புகுந்து தோலின் கொழுப்பை உறிஞ்சிவிடும். பூசைக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் பொட்டைக் கைப்பிடி முடிச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கே சொடுக்குவது, பிறகு என்ன செய்வது

புல்தரைதான் சரியான இடம், அதுவும் காய்ந்த புல். சிமெண்டு பேட்மிண்டன் கோர்ட்டும் தார் ரோடும் ஃபாலை அரம்போல் ராவிவிடும். காலை ஏழு மணிக்குப் பாடாங்கில், அதாவது திடலில், பனி இன்னும் காய்ந்திருக்காது. பத்து நிமிடத்தில் ஃபால் ஈரம் குடித்துக் கனத்துவிடும். வெயில் ஏறிய பிறகு போங்கள், மதிய இடிமழைக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கம்பத்திலும் மரத்திலும் சாட்டையைச் சுற்றவிடுவது பார்க்க அழகு. மரப்பட்டை ஒரு இழையை அறுத்தால் வைத்தியம் லேசில் கிடையாது. கண்ணாடியும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடங்கவேண்டாம். அறுந்து பறக்கும் கிராக்கர் எங்கே போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

புதுச் சாட்டை விறைப்பாக இருக்கும். பொறுமை இழந்து வளைத்து முறுக்குகிறவர்கள் கைப்பிடி முடிந்து தாங் தொடங்கும் இடத்தைத்தான் கெடுக்கிறார்கள். அங்கே உள்ளிருக்கும் கம்பி முடிவதால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழும். ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். மெதுவாக, பலமில்லாமல் சொடுக்கிப் பழக்குங்கள். சுருள் வைத்த திசையில் சாட்டைக்கு இயல்பான ஒரு வளைவு இருக்கும், அதை ஒட்டியே வீசுங்கள்.

முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கைப்பிடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் இழுத்துத் துடைக்கவேண்டும். இடுக்கில் மண் இருந்தால் மென்மையான பல்துலக்கி போதும். மண் துகள் உள்ளே தங்கினால் ஒவ்வொரு சொடுக்கிலும் இழையை இழை அறுக்கும். தண்ணீர் விட்டுக் கழுவுவது கூடவே கூடாது. உள்ளே போன ஈரம் கைப்பிடிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். முடிச்சின் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிந்தால் துரு வெளியே வருகிறது என்று பொருள்.

எவ்வளவு தடவுவது

சாட்டைக்காரர்கள் அதிகம் சொல்வது பெக்கார்ட் போன்ற மெழுகு கலந்த லெதர் டிரெஸ்ஸிங்கை, அதாவது தோலுக்குத் தடவும் பசையை. குதிரைச் சேணத்துக்கு விற்கும் கெட்டிப் பசைகளும் ஆகும். கெட்டியாக இருப்பதே நல்லது, அளவு கையில் நிற்கும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் கெட்ட பொருள் இல்லை. ஆனால் திரவமாதலால் புதியவர்கள் கண்டபடி ஊற்றிவிடுகிறார்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். அது 24 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். நம் வெப்பத்தில் எப்போதும் தண்ணீராகவே இருந்து தோலின் அடிவரை இறங்கும், ஏர்கோன் அறையில் உறைந்து வெள்ளையாக வெளியே பூக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். நாளாக ஆகக் காறிப் பிசுபிசுக்கும், தூசியெல்லாம் வந்து ஒட்டும். ஷூ பாலிஷ் பின்னல் இடுக்கில் கெட்டியாகித் தங்கும்.

6 அடிச் சாட்டையின் தாங் முழுவதற்கும் ஒரு கொண்டைக்கடலை அளவு போதும். விரல்களுக்கிடையே தேய்த்துச் சூடாக்கி, அரை அடி அரை அடியாக, பின்னல் போகும் திசையிலேயே தடவுங்கள். தடவிய இடம் லேசாக நிறம் கூடவேண்டும், மினுங்கக்கூடாது. ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் துணியால் அழுத்தித் துடைத்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கைப்பிடிக்கு வேண்டாம், கை வேர்வையும் கைக்கொழுப்புமே அதற்குப் போதும், மேலும் தடவினால் வழுக்கும். ஃபாலுக்கு மட்டும் விதிவிலக்கு: அது ஒற்றைத் தோல், தரையில் உரசுவது, அதனால் நாலைந்து முறை பழகி முடித்த பிறகு ஒரு பட்டாணி அளவு தடவலாம்.

வாரம் ஒருமுறை பழகுகிறவரின் தாங்குக்கு வருடத்தில் இரண்டு மூன்று தடவை தாராளம். கங்காருத் தோல் மெல்லியது, பலமானது, குறைவாகவே கேட்கும். மாட்டுத் தோல் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். தேதி பார்த்துத் தடவவேண்டாம், தோலைப் பாருங்கள். வளைக்கும்போது மேற்பரப்பு வெளிறி, மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் தடவும் நேரம். வளைத்த இடத்தை அழுத்தும்போது விரலில் பசை ஒட்டினால் ஏற்கனவே அதிகம். பசை அதிகமான தோல் நீளும், பின்னல் தளரும், வீச்சு நுனிவரை போய்ச் சேராமல் நடுவிலேயே சோர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய இருக்கும் வழி, மாதக்கணக்கில் எதுவும் தடவாமல், துணியால் துடைத்துக்கொண்டே இருப்பதுதான்.

வைக்கும் இடம்

நமக்குப் பாதி வேலை இங்கேதான். தோலுக்கு உகந்த ஈரப்பதம் சுமார் 45 முதல் 60 விழுக்காடு. 65-70ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வசதி. கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும், ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் டிரை கேபினட் பெட்டி இருந்தால் 50இல் வைத்து உள்ளே போடலாம். 40க்குக் கீழே விடவேண்டாம், காய்ந்துவிடும். இல்லையென்றால் காற்றோட்டமுள்ள அறையின் உள்சுவரில் மாட்டுங்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவர், குளியலறைக்கு அடுத்த சுவர் இரண்டும் ஆகாது. பினாங்கில் கடலோரம், தஞ்சோங் பூங்கா பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை: தோலில் படியும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அடிக்கடி துடைப்பதைத் தவிர வழியில்லை. கடற்கரையிலும் தூறலிலும் சொடுக்கத்தான் ஆசை என்றால் நைலான் கயிற்றில் பின்னிய சாட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். தோல் சாட்டை அதற்கு ஏற்றதல்ல.

சுருட்டும்போது ஓர் அடி விட்டமுள்ள தளர்ந்த சுருளாக, இயல்பான வளைவின் திசையிலேயே சுருட்டுங்கள். கைப்பிடியைச் சுற்றி இறுக்கிக் கட்டவேண்டாம். மெல்லிய ஆணியில் சுருளை மாட்டினால் எடை முழுதும் ஒரே கோட்டில் விழுந்து மடிப்பு விழும். பெரிய மைலோ டின் ஒன்றைச் சுவரில் திருகி அதன்மேல் மாட்டினால் போதும், செலவே இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது. அலமாரியில் வைக்கும், ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கும் டப்பாக்கள் பக்கத்தில் வேண்டாம். அதில் தேங்குவது கால்சியம் குளோரைடு கரைசல்; கொட்டினால் தோல் சுருங்கி விறைத்துவிடும்.

வெள்ளையாகப் பூத்தால் பதறுவதற்கு முன் விரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சூட்டில் உருகி மறைந்தால் அது தோலிலிருந்து வெளிவந்த கொழுப்பு, துடைத்தால் முடிந்தது. மறையாமல், பஞ்சுபோல எழும்பி, மக்கிய நாற்றம் அடித்தால் பூஞ்சணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலுக்கு எடுத்துப்போய்க் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் முடிச்சுக்கு அடியில் ஒரு புள்ளியில் பார்த்துக்கொள்ளவும். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும். துடைத்த துணியைத் தூக்கிப் போடுங்கள்.

மழையில் நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, நேராகத் தொங்கவிட்டு அதேபோல் நிழலில் காயவையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் தோலை ஓடாக்கும். முழுக்கக் காய்ந்த பிறகே மெல்லிய பூச்சு. ஈரத்தின்மேல் தடவினால் ஈரம் உள்ளே அடைபடும்.

கிராக்கர், ஃபால்

கிராக்கர் இல்லாமல் சொடுக்கினால் சில நிமிடங்களிலேயே ஃபால் நுனி பிய்ந்துவிடும். கையில் எப்போதும் ஐந்தாறு இருக்கட்டும். ஹார்ட்வேர் கடையில் கொத்தனார் மட்டம் பார்க்கக் கட்டும் நைலான் நூல் ஒரு உருண்டை வாங்கினால் வருடக்கணக்கில் வரும். ஒரு மீட்டர் வெட்டி இரண்டாக மடித்து, ஒரு முனையைக் கதவுப்பிடியில் மாட்டி, மறுமுனையை ஒரே திசையில் முறுக்குங்கள். தளர்த்தினால் தானே சுருண்டுகொள்ளும் அளவுக்கு இறுகவேண்டும். நடுவைப் பிடித்துக்கொண்டு இரு முனைகளையும் சேர்த்து விட்டால் தானாகவே எதிர்த்திசையில் பின்னிக்கொள்ளும். மடிந்த இடம் கண்ணியாகும். வெட்டுமுனையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு முடிச்சிட்டு, மீதியைப் பிரித்துக் குஞ்சமாக்குங்கள். நூல் பிரியாமலிருக்க நுனியைத் தீயில் சுடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடவேண்டும். உருகிக் கெட்டியான மணி முகத்தில் பட்டால் காயம்தான்.

கட்டுவது எளிது. ஃபால் நுனியைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே விட்டு, கண்ணியின் இரு கால்களையும் பின்னால் சுற்றி, தன் அடியிலேயே செருகி இழுக்கவேண்டும். இழுக்க இழுக்க இறுகும். நுனி நைந்துவிட்டால் அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இப்படிக் குறைந்து ஒன்றரை அடிக்குக் கீழே போனாலோ, வார் நடுவில் வெடிப்பு தெரிந்தாலோ ஃபாலையே மாற்றும் காலம்.

ஃபாலைத் தாங்கோடு சேர்க்கும் முடிச்சு தாங்கின் சொந்த இழைகளால் போட்டது. அவிழ்த்துக் கட்டும்போது இழை ஒன்று அறுந்தால் பின்னலே பிரியத் தொடங்கும். முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.

தாங்கில் இழை அறுவது பெரும்பாலும் ஃபாலுக்கு முந்தைய ஓர் அடியில். மெல்லிய பகுதி, வேகமும் அங்கேதான் அதிகம். அறுந்ததைக் கண்டதும் நிறுத்திவிடவேண்டும். இன்னும் நாலு தடவை சொடுக்கினால் பக்கத்து இழைகள் பளுவைத் தாங்காமல் ஒவ்வொன்றாகப் போகும். மெழுகு நூலால் அந்த இடத்தை இறுக்கமில்லாமல் சுற்றிக் கட்டி, தடவாமல், காகிதத்தில் சுருட்டிச் செய்தவருக்கே அனுப்புங்கள். பழைய சாட்டையைக் கைமாற்றில் வாங்கியவர்கள் மட்டும் ஒன்று பார்க்கவும்: தேய்த்தால் செம்பழுப்புத் தூள் உதிர்ந்தால் தோல் உள்ளேயே மக்கிவிட்டது. எந்த டிரெஸ்ஸிங்கும் அதைத் திருப்பாது, சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.