பழைய வைஃபை டாங்கிள், புது சிஸ்டம்: முதுகில் உள்ள பெயரை நம்பாதீர்கள்

போன வாரம் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியிலிருந்து புது விண்டோஸ் 11 சிஸ்டம் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. கூடவே, பழைய கம்ப்யூட்டரில் ஏழெட்டு வருஷம் உழைத்த வைஃபை டாங்கிள், அதாவது யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் வைஃபை தரும் குட்டிக் கருவி. புதிதாகச் சேர்ந்த தம்பி அதைச் செருகினான், ஒன்றும் நடக்கவில்லை. உடனே டாங்கிளின் முதுகில் இருந்த பெயரைத் தேடி, முதலில் வந்த பச்சை டவுன்லோடு பட்டனை அமுக்கப் போனான். கையைப் பிடித்துவிட்டேன்.

"பேரு ஒண்ணுதானேண்ணா?"

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

பெயரை வைத்து டிரைவர் தேடுவது

டிரைவர் என்பது கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சாஃப்ட்வேர். அது உள்ளே இருக்கும் சிப்புக்குத்தான், மேலே உள்ள பெயருக்கு இல்லை. மாடல் பெயரை மாற்றாமலே கம்பெனிகள் சிப்பை மாற்றிவிடும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் வெர்ஷனில் இருந்தது ஏதெரோஸ் கம்பெனியின் ஏஆர்9271 சிப். இரண்டாவது வெர்ஷனிலிருந்து ரியல்டெக் கம்பெனியின் சிப். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது.

கிருஷ்ணகிரியில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன், விண்டோஸ் 7 காலம். ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்கு சிஸ்டத்துக்கு டாங்கிள் போடப் போனேன். பெயரைத் தேடினேன். டிரைவர் என்று வந்தது டிரைவரே அல்ல, 'டிரைவர் அப்டேட்டர்'. '23 டிரைவர்கள் பழசு' என்று சிவப்பில் மிரட்டியது. எல்லாவற்றையும் சரிசெய் என்று அமுக்கினேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே, சிப்செட் டிரைவர்களையும் மாற்றிவைத்தது. ரீஸ்டார்ட் செய்தால் நீலத்திரை. பேக்கப் எடுக்கவில்லை, ரீஸ்டோர் பாயின்ட்டும் இல்லை. மாம்பழ சீசன், வாசலில் லாரி நிற்கிறது, எடைச்சீட்டுக் கணக்கெல்லாம் அந்த டிஸ்க்கில். டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டி, டேட்டாவைக் காப்பி எடுத்து, ஃபார்மட் அடித்து முடிக்க இரண்டு ராத்திரி. அந்த மாதச் சம்பளத்திலும் பிடித்தம். டாங்கிள் கடைசிவரை வேலை செய்யவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, எப்படிப் பார்ப்பது? விண்டோஸில் கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்டு நிற்பதை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸ் என்று தேர்ந்தெடுத்தால் விஐடி, பிஐடி என்று நாலு நாலு எழுத்து வரும். முதலாவது கம்பெனி, அடுத்தது பொருள். இரண்டையும் சேர்த்துத் தேடினால் சிப் எதுவென்று தெரிந்துவிடும். மண்டி டாங்கிளில் ரியல்டெக் விஐடியோடு 8179 என்று வந்தது, அது ஆர்டிஎல்8188இயூ. அப்புறம் போனை யூஎஸ்பி டெதரிங்கில் போட்டு நெட் கொடுத்தோம். விண்டோஸ் அப்டேட்டே டிரைவரைக் கொண்டுவந்தது.

பழைய சிடி

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 32 பிட் டிரைவர் அதில் ஓடாது. டாங்கிளோடு வந்த சிடியில் 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் அது டீ டம்ளர் வைக்கத்தான்.

மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது

இது விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி. பழைய டிரைவரை அது தடுக்கிறது என்று வீடியோ பார்த்து அணைக்கிறார்கள். வேண்டாம். புது டாங்கிள் வாங்குங்கள்.

டாங்கிள் சிடி டிரைவாகத் தெரிகிறதே?

கெட்டுப்போகவில்லை. சில டாங்கிள்கள் தங்கள் டிரைவரைத் தாங்களே சுமந்துகொண்டு முதலில் அப்படித்தான் வந்து நிற்கும். அதை இன்ஸ்டால் செய்துவிட்டு எஜெக்ட் கொடுத்தால் வைஃபையாக மாறும். இது தெரியாமல் ஒரு நல்ல டாங்கிளைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

'5ஜி' என்று முடியும் வைஃபை பெயர் வரவில்லை

வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படாது. ரௌட்டரில் 2.4-ஐ ஆன் செய்யுங்கள்.

நீல யூஎஸ்பி போர்ட்

நீலம் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3. அதன் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விழும். கறுப்புப் போர்ட்டில் செருகுங்கள்.